தெரு சொன்ன வருமானம்

எங்கள் தெருவுக்குள் முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்து, வெற்றிலைபாக்குக் கடையில் நின்று சுண்ணாம்பு தடவிக்கொண்டே இன்னார் வீடு எது என்று கேட்டால், அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடாக இருந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், மாப்பிள்ளை வீட்டு ஆள்தான். அவர் தன்னை யாரென்று சொல்லமாட்டார். சொல்லிவிட்டு விசாரித்தால் அது விசாரணையா? தெருவும் ஒன்றும் தெரியாத மாதிரியே பதில் சொல்லும். பெண் வீட்டை உயர்த்தித்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நாளைக்குத் தன் வீட்டுப் பெண்ணுக்கும் மற்றவர்கள் அப்படித்தானே சொல்லப்போகிறார்கள்? அதனால் அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. நல்ல மனசு என்றுதான் நினைத்தார்கள். அந்த நல்ல மனசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

புதுக்கோட்டையில் ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால் எங்கள் வீடு இருந்தது. வீடு என்று சொல்வது பழக்கதோஷம். ஒரு பெரிய ஓட்டு வீட்டின் பின்கட்டை மறித்து, ஓர் அறையும் அடுப்படியுமாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். அப்பா அந்த மில்லில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். ஆத்தா, நான், என் தங்கச்சி என்று நாங்கள் நாலு பேர். அறையின் வடக்குச் சுவர் மண் சுவர். இரண்டு மழைக்காலம் தண்ணீர் குடித்துக் குடித்து அது உள்பக்கமாக ஊதி நின்றது. கையை வைத்தால் சில்லென்று இருக்கும், விரலில் ஈரம் ஒட்டும். வீட்டுக்காரரிடம் சொன்னால், பிடிக்கவில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். அந்த வாடகைக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

ஆத்தாவுக்கு இளைப்பு. வெயில் காலத்தில் அவள் பாட்டுக்கு நன்றாக இருப்பாள், குடத்தோடு ஓடுவாள், எங்களைத் திட்டுவாள். ஐப்பசி பிறந்து சுவரில் ஈரம் ஏறியதும் அவளுடைய நெஞ்சுக்குள் விசில் ஊத ஆரம்பித்துவிடும். படுக்க முடியாது. உட்கார்ந்தே இருப்பாள். முதல் வருஷம் பத்து நாளில் சரியானது. அடுத்த வருஷம் மழை முடிந்தும் சரியாகவில்லை. தர்மாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, முதலில் அந்த வீட்டை மாற்றுங்கள், இன்னொரு மழையை இந்த உடம்பு தாங்குவது கஷ்டம் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அதை ஆத்தாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார்.

அறுபதுகள் பிறந்த சமயம் அது. குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று அரசாங்கம் ஊருக்கு வடக்கே பொட்டலில் வரிசையாக வீடு கட்டிக்கொண்டிருந்தது. செங்கல் சுவர், சிமெண்டுத் தரை. அப்பா எழுதிப் போட்டார். குடும்ப வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். வீடு கிடைக்கும்வரை வருமானம் கூடினாலும் குறைந்தாலும் ஆபீசுக்கு வந்து தெரிவிக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மில்லில் இரண்டு ரூபாய் சம்பளம் கூட்டியதும் அரை நாள் லீவு போட்டு ஆபீசுக்கு ஓடினார். தீபாவளிக்கு முதலாளி கொடுத்த வேட்டியை வருமானத்தில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களாம். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். அப்படிப்பட்ட மனுஷன்.

எங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, ஐப்பசியில் வீடு ஒதுக்குவார்கள் என்று ஆனி மாதமே தெரிந்தது. அதே சமயத்தில்தான் எனக்கு விராலிமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. திருச்சி ரோட்டு மேலேயே பலசரக்குக் கடை, சொந்த வீடு. ஜாதகத்தை வாங்கிக்கொண்டார்கள். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். தையில் கல்யாணம் வைக்கலாம் என்று பேச்சு. அந்த வார்த்தை எங்கள் வாயிலிருந்து தெருவுக்குப் போக ஒரு பொழுது ஆகவில்லை. அன்றிலிருந்து தெருவே ஆளுக்காகக் காத்திருந்தது.

ஆவணியில் ஆள் வந்தார். ஒல்லியான மனுஷன், மடித்துக் கட்டிய வேட்டி, அக்குளில் குடை, கையில் ஒரு துணிப்பை. வெற்றிலைபாக்குக் கடையில் நின்று மில் எடைக்காரர் வீடு எது என்று கேட்டார். கடைக்காரர் எங்கள் வீட்டைக் காட்டவில்லை. காட்டினால் பேச முடியாதே! உட்காரச் சொல்லி, சோடா உடைத்துக் கொடுத்து ஆரம்பித்துவிட்டார். ஆலங்குடிப் பக்கம் எங்களுக்கு நஞ்சை நிலம் இருப்பதாகச் சொன்னார். அங்கே எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது. அடுத்து அந்த ஆள் பஞ்சாயத்துக் குழாயடிக்கு நகர்ந்தார். அங்கே இரண்டு கறவை மாடு முளைத்தது. தச்சர் வீட்டு வாசலில் பர்மாவில் இருக்கிற சித்தப்பா மாசாமாசம் பணம் அனுப்பினார்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தது உண்மை. பர்மாவுக்குக் கணக்குப்பிள்ளையாகப் போனவர். யுத்தத்தில் குண்டு விழுந்தபோது நடந்தே கிளம்பியவர்களோடு கிளம்பினார் என்று மட்டும் தெரியும். வந்து சேரவில்லை. அவருக்குக் காரியம் செய்ய அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. தகவல் வராமல் எப்படிச் செய்வது என்பார். அந்த மனுஷனைத்தான் தச்சர் உயிரோடு எழுப்பி மணியார்டர் அனுப்ப வைத்தார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, தையல்காரர் பெண்சாதி பின்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடிவந்ததுதான். ஆள் வந்தாச்சு என்று சொல்லிக்கொண்டே தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். எதிர்வீட்டிலிருந்து வெள்ளி டம்ளர் வந்தது. கொடியில் கிடந்த கந்தல் எல்லாம் சுருட்டி அடுப்படிக்குள் போனது. வடக்குச் சுவரை மறைத்து யாரோ ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். அந்த ஆள் வாசலில் வந்து தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். நான் வெள்ளி டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், உள்ளே ஜமுக்காளத்தைப் பார்த்தார். குடித்துவிட்டு, மவராசியா இரும்மா என்று சொல்லிப் போனார். தெருவே எங்கள் வாசலுக்கு வந்து சிரித்தது. நானும் சிரித்தேன். மில்லிலிருந்து வந்த அப்பாவுக்கு மட்டும் ஏனோ பிடிக்கவில்லை. விராலிமலைக்காரர்கள் குடையோடு வருவார்களா, அங்கே மழையே இல்லையே என்று என்னவோ முணுமுணுத்தார். அவர் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

விராலிமலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. புரட்டாசி பாதியில் வீட்டு ஆபீசிலிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. குடும்ப வருமானம் வரம்புக்கு மேல் இருப்பதாக விசாரணையில் தெரிவதால் உங்கள் பெயர் நீக்கப்படுகிறது. அப்பா அதை வாசலில் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். யார் விசாரித்தார்கள், எப்போது விசாரித்தார்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் யாருக்கும் அப்போதும் உறைக்கவில்லை.

ஆபீசில் அப்பா வாயைத் திறக்கமாட்டார் என்று ஆத்தா என்னையும் கூட அனுப்பினாள். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊருக்கே தெரியும். ஒரு நீளமான ஹாலில் கடைசி மேசைக்குப் போகச் சொன்னார்கள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவோடு போனேன். மேசைக்குப் பக்கத்தில் சுவரில் அந்தக் குடை மாட்டியிருந்தது. குடைக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார்.

அவருக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தார்.

"செயினு எங்கம்மா?" என்று கேட்டார்.

அது தையல்காரர் வீட்டுச் சங்கிலி என்றேன். நிலம் கிடையாது, மாடு கிடையாது, உங்களை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துத்தான் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள் என்று கொட்டித் தீர்த்தேன். ஹாலில் எல்லோரும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியாதாம்மா? எந்தத் தெருவுக்குப் போனாலும் என்னய மாப்ள வீட்டு ஆளுன்னுதான் நெனைக்கிறாக. நானும் யாருன்னு சொல்றதில்ல. சொன்னா எல்லாரும் பிச்சைக்காரனாயிருவாக. அதுனாலதான் தெரு சொல்றதுல பாதியத்தான் எழுதுவேன். ஒங்களுக்கும் பாதிதான் எழுதுனேன். பாதியே வரம்பைத் தாண்டிருச்சு. பர்மாவுல இருக்கவரு அனுப்புறதுலகூட பாதிதான் போட்டுருக்கேன்."

அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தம்பி செத்துப் போய்ட்டானுங்க" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ஆத்தா கேட்டதில்லை, நான் கேட்டதில்லை. ஒரு வீட்டுக்காக அதை அவர் ஓர் ஆபீஸ் மேசையில் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷனை அடிக்கலாம்போல இருந்தது. அவரோ பொறுமையாகத்தான் இருந்தார். ஒரு வழி சொன்னார். இந்தக் குடும்பத்துக்கு நிலம் நகை எதுவும் இல்லை, வெளிநாட்டில் யாரும் இல்லை என்று அக்கம்பக்கத்து வீட்டார் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் கொண்டுவந்தால் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம். இல்லையென்றால் அடுத்த பட்டியல். அது பங்குனியோ சித்திரையோ, சொல்ல முடியாது. அதற்கு முன்னாலேயே மறுபடியும் வேறு ஓர் ஆளை அனுப்பி விசாரித்தாலும் விசாரிப்போம் என்றார்.

ஐந்து கையெழுத்து. எங்கள் தெருவில் அது ஒரு விஷயமா? அன்று சாயங்காலமே எழுதி எடுத்துக்கொண்டு அப்பா முதலில் தையல்காரர் வீட்டுக்குப் போனார். சங்கிலி கொடுத்தவளின் புருஷன் கையெழுத்துப் போட மாட்டானா? அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். அவர் பெண்சாதி உள்ளேயிருந்து வந்து, காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி அப்பாவிடமே கொடுத்துவிட்டாள். கோபமாக அல்ல, கண் கலங்கிக்கொண்டுதான்.

"இதுல ஐஞ்சு பேரு கையெழுத்துப் போட்டா, நாளைக்கே சேதி விராலிமலை பஸ்ஸுல ஏறிப் போயிரும்ண்ணே. மாப்ள வீட்டு ஆளு இன்னும் வரல. அவுக வந்து போகட்டும். வார்த்தை முடியட்டும். மறுநாளே நான் வீடு வீடாப் போயி வாங்கியாரேன்" என்றாள்.

தச்சரும் அதையே சொன்னார். கடைக்காரரும் அதையே சொன்னார். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். அப்பா காகிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். எனக்குக் கல்யாணமே வேண்டாம், முதலில் கையெழுத்து வாங்குங்கள் என்று நான் கத்தினேன். டாக்டர் சொன்னதை ஆத்தா முன்னாலேயே போட்டு உடைத்தேன். அவள் அதிரவில்லை. அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது என்று தோன்றியது.

"ரெண்டு மழைய இங்கதான ஒக்காந்து பாத்தேன்? இன்னும் ஒண்ணப் பாக்க மாட்டேனா? நீ சும்மா இரு தாயி" என்றாள்.

வானம் கறுக்க ஆரம்பித்தது. மழை வரவில்லை, ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது. சுவரில் உப்புப் பூத்தது. நாங்கள் எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கச்சி தினமும் அதன் வயிற்றுக்கு எதிரே நின்று நேற்றைக்கு இன்று கூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். அப்பா ஒரு மரக்கட்டையை வாங்கிவந்து முட்டுக்கொடுத்தார்.

புரட்டாசி முடிய நாலைந்து நாள் இருந்தது. நான் பஞ்சாயத்துக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். வெற்றிலைபாக்குக் கடையில் ஓர் ஆள் சைக்கிளை நிறுத்தினார். கனத்த உடம்பு, மல் ஜிப்பா, நெற்றியில் விபூதி. மில்லு எடைக்காரர் வீடு எங்கிட்டு இருக்கு என்று கேட்டது எனக்கே கேட்டது.

கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது. தச்சர் உளியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். யார் இவர்? விராலிமலை ஆளா, மறுபடி விசாரிக்க ஆபீஸ் அனுப்பிய ஆளா? உயர்த்திச் சொன்னால் வீடு போகும். தாழ்த்திச் சொன்னால் கல்யாணம் போகும். ஒரு தெரு முழுக்க அப்படி வாயடைத்து நின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த ஆள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தெரு என்னைப் பார்த்தது.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு நான் அவர் முன்னால் போய் நின்றேன். அது எங்கள் வீடுதான், வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். தையல்காரர் பெண்சாதி கழுத்தில் கையை வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் தலையை ஆட்டினேன், அவள் அப்படியே நின்றாள். உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன். முட்டுக்கட்டையைக் காட்டினேன். மூலையில் உட்கார்ந்து முழங்காலில் நெஞ்சைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆத்தாவைக் காட்டினேன்.

"எங்களுக்கு நெலம் கெடையாதுங்க. நகை கெடையாது. பர்மாவுல யாரும் உசுரோட இல்ல. இதுதான் வீடு. நீங்க யாரா இருந்தாலும் இதைத்தான் சொல்லணும்னு கூட்டியாந்தேன்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. ஆத்தா எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். பித்தளை லோட்டாவில் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். உங்கள் அப்பா நல்ல மனுஷன் என்று மில்லில் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அவர் ஆபீஸ் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரு முடிவு கட்டியது. மல் ஜிப்பா போட்டவர் எந்த ஆபீசில் வேலை பார்க்கிறார் என்று நான் கேட்டேன். அப்படியே ஆபீஸ் ஆளாக இருந்தால் எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்துவிட்டார், கையெழுத்துக்கு அவசரமில்லை, விராலிமலை ஆளாக இருந்தால் அங்கிருந்து பதில் வரட்டும், அதுவரை காகிதத்தை வெளியே எடுக்காதீர்கள் என்று ஆத்தா அப்பாவைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அப்பா அவள் பேச்சைக் கேட்டார். ஐப்பசி பிறந்தது. மூன்றாம் நாள் மழையோடு மழையாக ஒரு கார்டு வந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தது. சைக்கிளில் வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்பதும் அதில் தெரிந்தது.

அன்றைக்கே தையல்காரர் பெண்சாதி குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்து காகிதத்தைக் கேட்டு வாங்கிப்போனாள். ஆபீசில் கேட்டது ஐந்து கையெழுத்துத்தான், தெருவில் கையெழுத்துத் தெரிந்த அத்தனை பேரும் போட்டார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? குடைக்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்றாராம். பெயரை அடுத்த பட்டியலில் எழுதிக்கொண்டார்.

சுவர் விழவில்லை. அந்த மழை முழுக்க அது நின்றது. நாங்கள்தான் முட்டாள்களாட்டம் அதற்குக் காவல் இருந்தோம். ஆத்தா கார்த்திகையில் ஒரு காலைப்பொழுதில், காப்பித் தண்ணிக்கு அடுப்பை மூட்டச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டாள். விசில் நின்றுவிட்டதே, தேவலையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் ஊதுகுழலை ஊதிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் வீடு வந்தது. சாவி வாங்க அப்பா, நான், தங்கச்சி மூன்று பேரும் போனோம். அதே மேசை, அதே மனுஷன். அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, சாவி கொடுப்பதற்கு முன்னால் கேட்கவேண்டியதைக் கேட்டார். வருமானத்தில் மாற்றம் உண்டா என்றார். இல்லைங்க என்றார் அப்பா. மில்லில் சம்பளம் கூடவில்லையா என்றார். இல்லைங்க. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"நாலு பேருங்க" என்றார் அப்பா.

அவர் எழுதிக்கொண்டார். நானும் தங்கச்சியும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் திருத்தவில்லை.